வாருங்கள் என்று சொன்ன பிறகு: முதன்முறையாக ஒருவரை ஆராதனைக்கு அழைப்பவர்களுக்கு

வருடக்கணக்காகப் பழகிய நண்பரிடம் எதை வேண்டுமானாலும் பேசிவிடுவோம், "ஞாயிற்றுக்கிழமை எங்க சபைக்கு வர்றீங்களா?" என்று கேட்க மட்டும் வாய் வராது. தப்பாக எடுத்துக்கொள்வாரோ, மதம் மாற்றப் பார்க்கிறேன் என்று நினைப்பாரோ, இருக்கிற நட்பும் போய்விடுமோ என்று ஆயிரம் யோசனை. எதிரில் இருப்பவரை மதிப்பதால் வரும் தயக்கம் அது, அதில் தவறே இல்லை. அந்தத் தயக்கத்தோடே ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைப்பது ஒரு நிமிட வேலை. அழைத்தவர் வந்து நிற்கும்போது அவர் கூடவே இருப்பதும், அவர் வீட்டுக்குப் போன பிறகு அவரை மறக்காமல் இருப்பதும்தான் உண்மையான வேலை. வரவேற்புக் குழு பார்த்துக்கொள்ளும், போதகர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக்கூடாது. அவருக்கு அந்த இடத்தில் தெரிந்த ஒரே முகம் உங்களுடையது.

யாரை அழைப்பது

ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்புவதை நான் அழைப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரை நினையுங்கள். அவர் பெயரைச் சொல்லிச் சில நாள் ஜெபியுங்கள். ஊருக்குப் புதிதாக வந்தவராக இருக்கலாம், துக்கத்தில் இருப்பவராக இருக்கலாம், "உங்க சபையில என்னதான் செய்வீங்க?" என்று தானாகவே கேட்டவராக இருக்கலாம். அப்படிக் கேட்டவரை அழைக்காமல் விட்டால்தான் தவறு.

சிறு வயதில் சபைக்குப் போய்ப் பின்னால் விட்டுவிட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாட்டும் தெரியும், வசனமும் தெரியும். எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஏன் விட்டார்கள் என்பதுதான் விஷயம். யாராவது புண்படுத்தியிருப்பார்கள், வீட்டில் ஒரு சாவின்போது சபை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கும். அதை முழுவதும் கேளுங்கள். சபைக்காக வாதாட வேண்டாம். அழைப்பை அப்புறம் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

அழைக்கவே கூடாத சூழ்நிலைகளும் உண்டு. உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர், உங்களிடம் உதவி வாங்கிக்கொண்டிருப்பவர், உங்கள் மாணவர் ஆகியோரால் 'வரவில்லை' என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. மறுக்க முடியாதவரிடம் வைப்பது அழைப்பாகாது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளை அழைத்துப்போவதும் கூடவே கூடாது. உதவி தேவைப்படுபவருக்கு உதவியைச் செய்யுங்கள், அதோடு எதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

எந்த ஞாயிறு

கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் கேட்பதற்கு எளிது, வருபவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆனால் அன்று இருக்கிற கூட்டத்தில் அவர் வந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். பெரிய வெள்ளி ஆராதனை ஆழமானது, ஆனால் நீளமானது, துக்கம் நிறைந்தது. கதை முழுவதும் தெரியாத ஒருவருக்கு அது முதல் அனுபவமாக இருக்க வேண்டாம் என்பேன்.

என்னைக் கேட்டால், முதல்முறை வருபவருக்கு டிசம்பர் மாதத்து வேதவாசகக் கீத ஆராதனை மிக ஏற்றது. ஒன்பது வாசகங்களும் கீதங்களும் என்ற இந்த முறை இங்கிலாந்தின் ட்ரூரோவில் 1880இல் தொடங்கியது. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918இல் இதைக் கொண்டுவந்த எரிக் மில்னர்-வைட், முதல் உலகப் போரில் படைகளோடு குருவாக இருந்துவிட்டு வந்தவர். ஆதாமிலிருந்து பெத்லகேம் வரை கதை வரிசையாக வாசிக்கப்படும், நடுநடுவே பாட்டு. புதியவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், எல்லாம் புரிந்துவிடும். அது இல்லாத மாதங்களில் ஒரு சாதாரண ஞாயிறே நல்லது. உங்கள் சபையில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணை) மாதம் ஒரு முறைதான் என்றால் அந்த ஞாயிற்றைத் தவிர்த்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

எப்படிக் கேட்பது

நேராக, சின்னதாக, உள்ளதை உள்ளபடி. "இந்த ஞாயிறு காலையில நான் ஆராதனைக்குப் போறேன். விருப்பம் இருந்தா நீங்களும் வாங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். முடியலன்னாலும் பரவாயில்ல." இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 'கூட்டிட்டுப் போறேன்' என்பது இதில் முக்கியம், ஏனென்றால் தனியாக அந்த வாசலைத் தாண்டுவதுதான் பலருக்குக் கஷ்டம். கடைசி வாக்கியத்தையும் மனதாரச் சொல்லுங்கள். வராவிட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தால், அவர் உங்களுக்காக வருவார், ஒரு தடவையோடு நின்றுவிடும்.

'ஒரு நிகழ்ச்சி இருக்கு, வாங்க' என்று சொல்லி அழைத்துப்போய் நற்செய்திக் கூட்டத்தில் உட்கார வைப்பதை தயவுசெய்து செய்யாதீர்கள். தந்திரமாய் நடக்கிறதில்லை என்று பவுல் எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 4:2). ஏமாந்து வந்தவர் உட்கார்ந்திருப்பார், கேட்க மாட்டார்.

கேள்விகளோ மறுப்போ வந்தால் எல்லாவற்றுக்கும் அங்கேயே பதில் சொல்லி முடிக்க வேண்டும் என்றில்லை. "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா?" என்று நாத்தான்வேல் கேட்டபோது, பிலிப்பு நாசரேத்துக்காக வாதாடவில்லை. "வந்து பார்" என்றான், அவ்வளவுதான் (யோவான் 1:46). கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணும் ஊருக்குள் ஓடிப்போய் ஏறக்குறைய இதைத்தான் சொன்னாள். இயேசு அங்கே இரண்டு நாள் தங்கின பிறகு ஊரார் அவளிடம், இனி உன் சொல்லினாலேயே அல்ல, நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்றார்கள். அழைத்தவரின் பங்கு ஓரளவுதான் என்று தெரிந்துகொண்டால் மனசு லேசாகிவிடும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

அவர் வரச் சம்மதித்ததும் அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், என்ன உடுத்தி வருகிறார்கள், ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காருவார்களா, எப்போது எழுந்து நிற்பார்கள், எப்போது முழங்கால்படியிடுவார்கள். உங்களுக்கு இதெல்லாம் மூச்சு விடுவது போலப் பழகிப்போனவை, அவருக்கு ஒவ்வொன்றும் கேள்வி.

ஆராதனையை வெளியாருக்கு விளக்குவது மிகப் பழைய வழக்கம். கி.பி. 150களில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர், ரோமப் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு எழுதிய மனுவில் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார்: எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறோம், அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகள் எழுதியவையோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும், தலைமை தாங்குபவர் புத்தி சொல்வார், எழுந்து நின்று ஜெபிப்போம், அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும், வராதவர்களுக்கு அதில் பங்கு போகும், வசதியுள்ளவர்கள் கொடுப்பது அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் சேரும். சபைக்கு வெளியே இருக்கும் எவருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார். உங்கள் சபையின் ஆராதனையை இதே அளவில் உங்களால் சொல்ல முடிகிறதா என்று ஒரு முறை வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

காணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்: "பை வரும், நீங்க எதுவும் போட வேண்டியதில்ல, பக்கத்தில இருக்கிறவங்ககிட்ட கொடுத்திடுங்க." திருப்பலியிலும் வேறு சில சபைகளின் ஆராதனைகளிலும் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவர் திரும்பிக் கை நீட்டினால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். பெந்தெகொஸ்தே சபை என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள், சிலர் அந்நிய பாஷையில் பேசுவார்கள், சிலர் அழுவார்கள் என்று சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வெளியே இருந்து ஒருவர் வந்து இதைப் பார்த்தால் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டாரா என்று பவுலே கொரிந்து சபையைக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 14:23). புதியவரின் கண்ணால் ஆராதனையைப் பார்க்க அன்றைக்கே அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு, வாசலில்

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். வீட்டிலிருந்து அழைத்துவர முடியாவிட்டால் வெளிவாசலிலேயே நில்லுங்கள், உள்ளே இடம் பிடித்துவிட்டு 'வந்துடுங்க' என்று போனில் சொல்வது போதாது. நீங்கள் பாடகர் குழுவிலோ ஞாயிறு பள்ளியிலோ இருந்தால் அன்று ஒரு நாள் விடுப்பு கேளுங்கள்.

வாசலில் நின்று வரவேற்கும் வேலை உங்களுக்கு வந்தால் அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 251இல் ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ் தன் சபையின் பணியாளர்களைக் கணக்கிட்டு எழுதும்போது வாசல் காப்போரையும் சேர்த்தே எண்ணுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் அது 1972 வரை ஒரு தனிப் பட்டமாகவே இருந்தது.

அங்கே நிற்பவருக்கு இரண்டு விஷயங்கள். "இங்கே புதுசா?" என்று கேட்காதீர்கள், அவர் பல மாதங்களாக வருபவராக இருக்கலாம். "நான் உங்களை இதுவரை சந்திச்சதில்லன்னு நினைக்கிறேன், என் பேர் இது" என்று தொடங்குங்கள். அப்புறம், கழிவறை எங்கே, சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதை எங்கே, குழந்தை அழுதால் எங்கே போகலாம் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். குழந்தையை முதல் நாளே ஞாயிறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், பெற்றோர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எங்கே உட்காருவது

முன்வரிசை வேண்டாம். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று பார்த்துச் செய்ய அவருக்கு முன்னால் நாலு வரிசையாவது ஆட்கள் வேண்டும். நடுவில், நடைபாதையை ஒட்டிய ஓரத்தில் உட்காருங்கள், எழுந்து வெளியே போக வேண்டியிருந்தாலும் சங்கடம் இருக்காது.

இருக்கை விஷயத்தில் யாக்கோபு கடுமையாகப் பேசுகிறார். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடத்தையும், கந்தை உடுத்திய ஏழைக்கு "அங்கே நில்லு" என்ற வார்த்தையையும் கொடுக்கிற சபையை அவர் கேட்கிற கேள்வியை அந்த அதிகாரத்திலேயே வாசித்துக்கொள்ளுங்கள் (யாக்கோபு 2:1-4). மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட திருச்சபை ஒழுங்கு நூல் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏழை ஒருவர், அதிலும் வயதானவர் வந்து, உட்கார இடம் இல்லையென்றால், ஆயர் தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் அவருக்கு இடம் ஏற்படுத்தித் தர வேண்டும் என்கிறது. 'இது எங்க குடும்பம் வழக்கமா உட்கார்ற இடம்' என்று புதியவரை எழுப்பிவிடுகிறவர்கள் எந்தச் சபையில் இருந்தாலும், அந்த ஒரு வரியை வாசித்துக் காட்ட ஆசைப்படுகிறேன்.

ஆராதனை நடக்கும்போது

பாட்டு எண்ணை அறிவிப்பார்கள். சபை முழுவதும் புரட்டி முடித்து முதல் அடியைப் பாடத் தொடங்கியிருக்கும். புதியவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார், ஏனென்றால் சொன்னது பாட்டின் எண்ணா, பக்கத்தின் எண்ணா என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது சரணம் வரும்போது புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிடுவார். நிறையப் பேருக்குச் சபை அந்நியமாகத் தோன்றத் தொடங்குவது அந்த இடத்தில்தான். உங்கள் புத்தகத்தைத் திறந்து, பாடும் வரியில் விரலை வைத்து, இருவருக்கும் நடுவில் பிடியுங்கள். வேதவாசகத்துக்கும் அப்படியே. புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் கலாத்தியர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியாது.

அதற்காக விடாமல் காதில் விளக்கிக்கொண்டே இருக்காதீர்கள். நீங்கள் மனதார ஆராதிப்பதை அவர் பார்க்கட்டும். பிரசங்கத்தில் அவரைப் பாதிக்கும் வார்த்தை எதுவும் வந்தால் நெளியாதீர்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

போதகரிடமோ அறிவிப்பு வாசிப்பவரிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "என் கூட ஒரு நண்பர் வர்றாரு. எழுந்து நின்னு பேர் சொல்லச் சொல்லாதீங்க." அன்பால்தான் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க மைக் கையில் கொடுக்கப்பட்டவர் மறுபடி வரத் தயங்குவார். ஒரு சிலருக்கு அது பிடிக்கும். அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

திருவிருந்து

வரிசை முழுவதும் எழுகிறது. அவருக்கும் எழ வேண்டுமா என்று தெரியவில்லை. எழுந்தால் தவறாகுமோ, உட்கார்ந்திருந்தால் எல்லோரும் பார்ப்பார்களோ? அவர் முழங்காலைத் தாண்டி ஒவ்வொருவராக நகர்ந்துபோகிறார்கள். இந்த இரண்டு நிமிடச் சங்கடத்தை முந்தின நாளே ஒரு வார்த்தையில் தீர்த்துவிடலாம். அதனால்தான் முதல் வருகைக்குத் திருவிருந்து இல்லாத ஞாயிறு நல்லது என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை உள்ள சபைகளில் அது முடியாது.

உங்கள் சபையின் ஒழுங்கு என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாக அந்தந்தத் திருச்சபையார்தான் வாங்கலாம். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் ஞானஸ்நானம் பெற்ற எவரும் சேரலாம், சிலவற்றில் திடப்படுத்தலும் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) வேண்டும். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் சபைகளும் உண்டு. மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் மேசை எல்லோருக்கும் திறந்திருக்கும். ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகளுக்கு மட்டும் என்பது யுஸ்தீன் காலத்திலேயே இருந்த ஒழுங்கு, உங்கள் நண்பரை ஒதுக்குவதற்காக இன்று போட்ட விதி இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

"அந்த நேரத்தில நீங்க உட்கார்ந்தே இருக்கலாம், உங்களை மாதிரி வேற சிலரும் உட்கார்ந்திருப்பாங்க. நான் போய்ட்டு உடனே வந்துடுறேன்" என்றால் போதும். வாங்காதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வந்து ஆசீர்வாதம் பெறும் வழக்கம் பல கத்தோலிக்கப் பங்குகளில் உண்டு. உங்கள் பங்கில் உண்டா என்று குருவானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்கள் பலவற்றில் ஆராதனை முடிவில் தரும் ஆசீர்வதிக்கப்பட்ட அப்பத்தை விருந்தினருக்கும் கொடுப்பார்கள்.

முடிந்ததும்

ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் எல்லோரும் தெரிந்தவர்களிடம் பேசத் திரும்பிவிடுவார்கள். கமிட்டிக் கூட்டம், பாடல் பயிற்சி, காணிக்கைக் கணக்கு என்று உங்களையும் யாராவது இழுப்பார்கள். போகாதீர்கள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் பாதியில் காணாமல் போனால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும் அவருக்கு. இரண்டு பேருக்கு அறிமுகம் செய்துவையுங்கள், அவருடைய வயதிலோ வேலையிலோ ஒத்துப்போகிறவராக ஒருவர் இருந்தால் நல்லது. இருபது பேருக்கு வேண்டாம்.

தொடர்பு விவரம் கேட்கும் படிவத்தை அவர் விரும்பினால் மட்டும் நிரப்பட்டும். அவரைக் கேட்காமல் சபையின் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். அவர் படத்தை எங்கும் போடாதீர்கள். வேறு மதத்தைச் சேர்ந்த குடும்பத்திலிருந்து வந்தவருக்கு ஒரு புகைப்படம் வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிடலாம். நன்மை செய்ய நினைத்து அவருக்குத் தீங்கு வரவைத்துவிடக்கூடாது.

திரும்பி வரும் வழியில் "எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள், பிறகு பேச விடுங்கள். பிரசங்கம் நீளம், பாட்டு சத்தம் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். "இயேசுவை ஏத்துக்கிறீங்களா?" என்ற கேள்விக்கு அன்றைக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவராகக் கேட்டால் உங்கள் நம்பிக்கையை மறைக்காமல், சாந்தத்தோடு சொல்லுங்கள்.

அடுத்து வரும் வாரங்கள்

இரண்டு மூன்று நாளில் ஒரு முறை பேசுங்கள். சபையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. அன்றைக்கு ஜெபத்தில் நினைக்கச் சொல்லி அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அதை விசாரியுங்கள்.

இந்தக் கட்டத்துக்கு வேதத்தில் நல்ல ஆசான் பர்னபா. முன்பு விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுல் (பின்னால் பவுல்) எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லோரும் அவனுக்குப் பயந்தார்கள். பர்னபாதான் அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய் அவனுக்காகப் பேசினான் (அப்போஸ்தலர் 9:27). அதோடு விடவில்லை. சில வருடங்கள் கழித்துத் தர்சுவுக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்து அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்து, ஒரு வருடம் முழுவதும் கூடவே இருந்தான். வாசலில் கைகுலுக்கியதோடு நம் வரவேற்பு முடிந்துபோகிறதா என்று எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியவில்லை.

மறுபடி வருகிறேன் என்றால் மறுபடியும் கூடப் போங்கள். அவராகவே வரத் தொடங்கினால் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கோ வேதபாடத்துக்கோ மெல்ல அறிமுகப்படுத்தலாம். ஆராதனையில் கேட்க முடியாத கேள்விகளை அங்கே கேட்க முடியும். உங்களைத் தவிர இரண்டு மூன்று பேராவது அவருக்கு நண்பர்களாகும்வரை விலகாதீர்கள்.

வேண்டாம் என்று சொன்னாலோ, ஒரு முறை வந்து நிறுத்திக்கொண்டாலோ, ஏன் என்று துருவாதீர்கள். முன்பு எப்படிப் பழகினீர்களோ அப்படியே பழகுங்கள், அதே கலகலப்போடு. ஜெபத்தில் அவர் பெயர் இருக்கட்டும். நல்ல நேரம் பார்த்துச் சில மாதம் கழித்து இன்னொரு முறை கேட்கலாம். அப்போதும் வேண்டாம் என்றால் அதற்குமேல் கேட்காதீர்கள், உங்கள் வாசல் திறந்திருப்பது அவருக்குத் தெரியும்.